பட்டியலில் பேராசிரியர் - பட்டறையில் யார்?

ஒரு மனிதர், ஒரே நாள், ஒரே நேரம். ஆனால் அவர் ஆசிரியராய் வீற்றிருக்கும் கல்லூரிகளோ பல! சூரபத்மன்கூட ஒரு வடிவத்தை விட்டுத்தான் மறு வடிவம் எடுத்தான் என்று புராணம் படித்தோர் கூறுவர். கடலாய்க் கிடந்தபோது அவன் மாமரமாய் நிற்கவில்லை. நம் நாட்டுப் பொறியியல் கல்லூரிகள் சிலவற்றின் பதிவேடுகளோ அந்தப் புராணத்தையும் புறங்காணச் செய்துவிட்டன.

2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அறப்போர் இயக்கத்தினர் ஒரு கணக்கை வெளியிட்டனர். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் 224 கல்லூரிகள், 353 ஆசிரியர்கள், ஒவ்வொருவரும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் 'முழுநேர' ஆசிரியர்! ஒரே பெயர் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளின் பட்டியலில் பளிச்சிட்ட விந்தையும் உண்டு. பல்கலைக்கழகமே ஆராய்ந்து பார்த்துவிட்டு, முறைகேடு நடந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. பெயரைக் கொடுத்தவர் குற்றவாளி என்றார்கள். ஆம், குற்றவாளிதான். பெயரை வாங்கி ஒட்டிவைத்து, அந்தப் பெயரைக் காட்டி மாணவர் இடம் பெற்று, அந்த இடத்தைக் காட்டிப் பெற்றோரிடம் பணம் பெற்ற நிர்வாகி யார்? அவர் பெருங்குற்றவாளி அல்லவா?

எப்படி நடக்கிறது இது? வாசகர்களுக்கு விளக்கமாகச் சொல்லவேண்டும். கல்லூரி இணைப்புப் பெறவேண்டுமானால், பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு வரும். எத்தனை மாணவர்க்கு இடம் கேட்கிறீர்கள், அதற்கேற்ற ஆசிரியர் எத்தனை பேர், ஆய்வகம் எத்தனை என்று பார்க்கும். ஆள் குறைந்தால் இடம் குறையும். இடம் குறைந்தால் வருமானம் குறையும். ஆக, ஆசிரியர் என்பவர் பாடம் சொல்பவராக மட்டும் இல்லை. இடம் பெற்றுத்தரும் முத்திரையாகவும் ஆகிவிட்டார். முத்திரைக்குச் சம்பளம் எதற்கு? ஆய்வுக்குழு வருகிற அன்றைக்கு மட்டும் வந்து முகங்காட்டினால் போதாதா? இப்படி எண்ணியவர்கள்தான் அந்தப் பட்டியலைத் தயாரித்தார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுவோம். பொறியியல் கல்லூரிகளில் 15 மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்றிருந்த விதியை, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018-ல் 20 மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்று தளர்த்தியது. கேட்பதற்குச் சிறிய மாற்றம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 60 மாணவர்க்கு நான்கு பேர் வேண்டியிருந்த இடத்தில் மூன்று பேர் போதும். நாலில் ஒரு வேலை, ஒரு பேனா வீச்சில் போயிற்று! இப்படித் தளர்த்திய பிறகும் அந்த மூன்று பேரைக்கூட உண்மையில் அமர்த்தாமல், பேரளவில் காட்டியவர்களைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

"போகட்டும், பாடப் புத்தகம் இருக்கிறது, கணினி இருக்கிறது, பையன் படித்துக்கொள்ளமாட்டானா?" என்று கேட்கும் பெரிய மனிதர்களும் உண்டு. அவர்களை நாம் ஒருநாள் கல்லூரிப் பட்டறைக்கு அழைக்கிறோம்.

முதலாண்டு மாணவன் கையில் ஓர் இரும்புப் பட்டையைத் தருகிறார்கள். வைஸில் இறுக்கி, ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவி, மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் இடுக்கிலே வெளிச்சம் தெரியக்கூடாது. புத்தகத்தில் இது இரண்டு வரி. கையிலோ இரண்டு வாரம்! அரத்தை எப்படிப் பிடிப்பது, எந்தக் கால் முன்னே, எங்கே அழுத்தி எங்கே தளர்த்துவது - இதைச் சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் நிற்கவேண்டும். அந்த ஆளுக்குப் பேராசிரியர் என்று பெயர் இல்லை. பட்டறைப் பயிற்றுநர் என்று பெயர். ஆண்டுவிழா மேடையில் அவருக்கு நாற்காலி கிடைக்கிறதோ இல்லையோ, பொறியாளனின் கையைப் பழக்குகிறவர் அவர்.

அடுத்து லேத்துக்கு வாருங்கள். சக்கிலே வேலைப்பொருளை இறுக்கிவிட்டு, சக் சாவியை எடுக்க மறந்து சுவிட்சைத் தட்டினால் அந்தச் சாவி துப்பாக்கிக் குண்டுபோலப் பறக்கும். சட்டைக்கை தொங்கினால் எந்திரம் அதையும் இழுக்கும், கையையும் இழுக்கும். இருபது பிள்ளைகள் நிற்கிற இடத்தில் இருபது பேரையும் ஒரே கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவர் அந்தப் பயிற்றுநர். அவருடைய இடம் காலியாக இருந்தால் என்ன நடக்கும்? விபத்து நடக்கும் என்று நாம் சொல்லவில்லை. எதுவுமே நடக்காது! லேத்தை ஓட்டவே விடமாட்டார்கள். ரிக்கார்டு நோட்டில் படம் வரைவான், பக்கத்து மாணவனின் நோட்டைப் பார்த்து அளவு எழுதுவான், கையெழுத்து வாங்குவான், தேர்விலும் தேறுவான். பட்டமும் பெறுவான். வேலைக்குப் போன இடத்தில் மேஸ்திரி ஒரு வெர்னியரை நீட்டும்போதுதான் அவன் ஏமாற்றப்பட்டது அவனுக்கே தெரியும்.

கைப்பழக்கத்தைப் பற்றிப் பேசும்போது கோவை ஜி. டி. நாயுடுவின் நினைவு வராமல் போகாது. 1945-ல் அவருடைய உதவியோடு கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. அவரே அதன் முதல்வராகவும் இருந்தார். நான்காண்டுப் படிப்பு காலவிரயம், இதைச் சுருக்கிக் கற்பிக்கலாம் என்றார். சர்க்கார் ஏற்கவில்லை, அவர் விலகிக்கொண்டார். காலத்தைச் சுருக்கவேண்டும் என்ற அவர் கருத்து முழுவதையும் நாம் ஏற்கிறோம் என்பதல்ல. ஆனால் மாணவன் எத்தனை நாள் உண்மையிலேயே கற்கிறான் என்று கேட்டு, அதற்காகப் பதவியையும் உதறிய ஒரு முதல்வர் இருந்தார். இன்றைய நிர்வாகிகள் சிலர் எத்தனை பேர் கட்டணம் கட்டினார்கள் என்பதோடு கேள்வியை முடித்துக்கொள்கிறார்கள்.

பட்டறையைவிட்டுக் காரியாலயத்துக்கு வருவோம். அங்கே ஒரு குமாஸ்தா இருக்கிறார் - இருக்கவேண்டும். கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பம், சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு - இவற்றைச் சரிபார்த்து உரிய தேதிக்குள் அனுப்புவது அவர் வேலை. ஒரு தேதி தவறினால் உதவித்தொகை தள்ளிப்போகும். பணம் வராவிட்டால் "கட்டணம் கட்டாதவன் தேர்வு எழுதக்கூடாது" என்று மிரட்டுகிற கல்லூரிகளும் உண்டு. வீட்டிலே முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்த பிள்ளைக்குத் துணைவேந்தர் யார் என்று தெரியவேண்டியதில்லை. அந்தக் குமாஸ்தாவைத் தெரியவேண்டும். அரசுப் பள்ளியில் படித்தோர்க்கு 2021-ல் சட்டம் இயற்றிப் பொறியியல் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கினோமே, அந்தப் பிள்ளைகளின் நல்வாழ்வு ஒரு மேசைக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பதையும், அந்த ஆள் எரிந்து விழாமல் பதில் சொல்வதையும் பொறுத்திருக்கிறது!

நிர்வாகத்தில் இருப்பவர் நினைத்தால் எவ்வளவு செய்யலாம் என்பதற்குச் சான்று தேடி நாம் வெளிநாடு போகவேண்டியதில்லை. கிண்டிக்குப் போனால் போதும்.

கிண்டிக் கல்லூரி 1794-ல் எட்டு மாணவர்களோடு நிலஅளவைப் பள்ளியாகத் தொடங்கியது. கும்பினியாருக்கு நிலத்தை அளக்க ஆள் வேண்டியிருந்தது, பள்ளி வந்தது. 1859-ல் பொறியியல் கல்லூரி என்று பெயர் பெற்று, 1920-ல் கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. நூறு ஆண்டுக்கு மேலாக அங்கே படித்தவர் அனைவரும் ஆண்களே. பெண்ணுக்குப் பொறியியல் எதற்கு என்று கேட்கவும் யாரும் இல்லை; அப்படி ஒரு பெண் வருவாள் என்றே எவரும் எண்ணவில்லை. 1930-களின் இறுதியில், பதினெட்டு வயதில் கணவனை இழந்து, கைக்குழந்தையோடு நின்ற லலிதா என்ற பெண் அங்கே படிக்க விரும்பினார். அவர் தந்தையார் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். முதல்வராயிருந்தவர் கே. சி. சாக்கோ. "விதியில் இடமில்லை" என்று அவர் கோப்பைக் கட்டி வைத்திருக்கலாம். எவரும் அவரைக் குறைகூறியிருக்கமாட்டார்கள். அவரோ இசைந்தார், பொதுக்கல்வி இயக்குநர் ஸ்டேதமும் இசைந்தார். லலிதா சேர்ந்தார். பின்னாலேயே தெரசியா, லீலம்மா ஜார்ஜ் என்ற இரு பெண்கள் சிவில் பிரிவில் சேர்ந்தனர். அவர்கள் படித்துத் தேறியபோது ஒரு வேடிக்கை: அச்சடித்து வைத்திருந்த சான்றிதழில் 'அவன்' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்தான் இருந்தது! பேனாவால் அதை அடித்துவிட்டு 'அவள்' என்று எழுதிக் கொடுத்தார்கள். லலிதா இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் ஆனார். பேராசிரியர், முதல்வர், இயக்குநர், பேனா பிடித்த காரியாலயத்துக் கை - இத்தனை பேரும் சேர்ந்து திறந்த கதவு அது.

சான்றிதழ் என்றதும் இன்னொரு சான்றிதழும் நினைவுக்கு வருகிறது. அதே கிண்டியில், 2016 மே மாதம் தொடங்கி 2018 ஏப்ரல் வரை அண்ணா பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரே இல்லை. 2017-ல் நடந்த பட்டமளிப்பு விழாவில், துணைவேந்தர் கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் உயர்கல்வித்துறைச் செயலாளர் கையெழுத்திட்ட பட்டங்களைப் பிள்ளைகள் வாங்கிச் சென்றனர். 2024 ஆகஸ்டில் வேல்ராஜ் அவர்களின் பதவிக்காலம் முடிந்தபோதும் அடுத்தவர் வரவில்லை. மீண்டும் குழுவின் பொறுப்பில்தான் பல்கலைக்கழகம் விடப்பட்டது. தலை இல்லாத உடலைக் குழு தாங்கும், சரி. ஆனால் நானூறுக்கு மேற்பட்ட கல்லூரிகளைக் கண்காணிக்கவேண்டிய இடம் காலியாயிருந்தால், கண்காணிக்கப்படவேண்டியவர்களுக்குக் கொண்டாட்டம்தானே!

தனியாரை மட்டும் சாடிவிட்டு சர்க்காரை விட்டுவிடுவது நேர்மை ஆகாது. அரசு பலதொழில்நுட்பக் கல்லூரிகளின் கதையைப் பாருங்கள். விரிவுரையாளர் இடங்கள் 1,058. நிரப்புவதற்கு 2017 செப்டம்பர் 16-ல் எழுத்துத் தேர்வு நடந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பட்டதாரிகள் எழுதினார்கள். 196 பேரின் மதிப்பெண்கள் திருத்தப்பட்டிருந்தது தெரியவந்தது. 2018 பிப்ரவரியில் தேர்வே ரத்து! 2019 நவம்பரில் மறு அறிவிப்பு. பிறகு கொரோனா. தேர்வு நடந்ததோ 2021 டிசம்பரில். டிப்ளமோ படிப்பு மூன்றாண்டு. 2017 ஜூனில் சேர்ந்தவன், முதல் தேர்வின் அறிவிப்பைப் பார்த்தான், ரத்தானதைப் பார்த்தான், மறு அறிவிப்பைப் பார்த்தான், படிப்பை முடித்துக்கொண்டு 2020-ல் போயே போய்விட்டான். அவனுக்கு வரவேண்டிய ஆசிரியர் அவன் போன பிறகும் தேர்வு எழுதவில்லை. மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வந்த பகுதிநேர விரிவுரையாளர்கள் அந்த ஆண்டுகளில் வகுப்புகளைத் தாங்கினார்கள். விடுமுறை வந்தால் அவர்களுக்கு வருமானம் இல்லை. அவர்களுக்கு யார் நன்றி சொன்னார்கள்?

தனியார் கல்லூரிகளில் உண்மையாகவே பணியாற்றும் ஆசிரியர்களின் நிலையோ வேறு. மே மாதம் வந்தால் சாக்குக்கட்டியை வைத்துவிட்டுத் துண்டறிக்கையைக் கையில் எடுக்கவேண்டும். ஊர் ஊராய்ப் போய்ப் பிள்ளை பிடிக்கவேண்டும். இத்தனை பேரைச் சேர்த்தால்தான் சம்பளம் என்று சொல்கிற நிர்வாகங்கள் உண்டு. வேலையில் சேரும்போதே மூலச் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிக்கொள்கிறார்கள், கூடாது என்று விதி சொல்கிறது, பூட்டோ திறக்கவில்லை. முனைவர் பட்டம் பெற்றவர், மாணவனின் வீட்டுத் திண்ணையில் தலைகுனிந்து நிற்கும் காட்சியை அந்த மாணவன் பார்க்கிறான். மறுமாதம் வகுப்பில் அவர் சொல்வதை எந்த மரியாதையோடு கேட்பான்?

ஆசிரியர் விவரங்களைக் கல்லூரிகள் இணையத்தில் வெளியிடவேண்டும் என்று விதி ஏற்கனவே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பொய்ப்பெயர்கள் கொலுவிருந்ததும் பட்டியலில்தானே! எங்கோ இருந்து ஒருவர் தேடிப் பிடித்து ஒப்பிட்டுப் பார்க்கும்வரை அவை வெளியே தெரியவில்லை.

ஆகையால் நாம் கேட்பது ஒரு பலகை. கல்லூரி வாயிலில், சாலையில் போவோர் கண்ணில் படும்படி, தமிழில் எழுதிய பலகை. ஒவ்வொரு பிரிவுக்கும் அனுமதித்த இடம் எத்தனை, ஆள் எத்தனை, காலி எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி. பட்டறைப் பயிற்றுநர் பெயர் என்ன. ஆய்வகத்துக்குப் பொறுப்பு யார். உதவித்தொகை விண்ணப்பத்தை வாங்குபவர் யார். இணையத்தில் இருக்கும் பெயரை எவரும் சரிபார்க்கமாட்டார். வாயிலில் இருக்கும் பெயரை, எதிரே டீக்கடை வைத்திருப்பவர் சரிபார்ப்பார். பேருந்து நடத்துனர் சரிபார்ப்பார். நாள்தோறும் உள்ளே போகும் மாணவன் சரிபார்ப்பான். "இந்தப் பெயரில் இங்கே எவரும் வருவதில்லையே!" என்று சொல்ல அவர்களுக்கு ஆய்வுக்குழுவின் அதிகாரம் வேண்டியதில்லை.

பலகைக்கு ஆகும் செலவு பெரிதல்ல. சேர்க்கைக்காகச் சாலையோரம் நிறுத்தும் விளம்பரத் தட்டிகள் பத்தில் ஒன்றைக் குறைத்துக்கொண்டால் போதும். ஆண்டுதோறும் சேர்க்கைக் காலத்தில், நிலத்தை அடகு வைத்த பணத்தை மடியில் கட்டிக்கொண்டு, பிள்ளையோடு வந்து இறங்குகிறாரே ஒரு தகப்பனார் - அவர் பணம் கட்டும் அறைக்குள் நுழையுமுன் அந்தப் பலகையைப் படிக்கட்டும். அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால், பிள்ளை படித்துச் சொல்லட்டும்.