தரை விளக்கும் ஐப்பசி மழையும்

எங்கள் வீட்டு வாசற்படிக்கும் வெளிக்கதவுக்கும் இடையே ஒரு திறந்த சிமெண்டுத் தளம் உண்டு. அதன் ஓரமாக நான்கு சிறு விளக்குகளைத் தரைக்குள் பதித்திருந்தார்கள். மேலே கனத்த கண்ணாடி. அதைச் சுற்றி எஃகு வளையம். இரவில் பாட்டி தடுமாறாமல் படியிறங்க அவையே துணை. அவற்றுள் ஒன்று ஐப்பசி மழையில் அணைந்தது. புதிது போட்டோம், அடுத்த பெருமழையில் அதுவும் போயிற்று. மூன்றாவதும் போன இரவு, பாட்டி இருட்டில் கால் இடறி விழப் பார்த்தார். மட்டமான சரக்கு என்று அப்பா கடைக்காரரைக் கடிந்துகொண்டார். வந்த மின்பணியாளரோ விளக்கை வெளியே எடுத்துவிட்டுக் குழிக்குள் கையைக் காட்டினார். பாதிக் குழி தண்ணீர்! "விளக்கு மேல தப்பில்லீங்க சார், தண்ணி வடிய வழியில்லை" என்றார்.

மூடிய விளக்கினுள் தண்ணீர் எப்படிப் புகுந்தது? தோழியரே, இங்கேதான் நம் இயற்பியல் பாடம் உதவிக்கு வருகிறது. விளக்கு எரியும்போது உள்ளிருக்கும் காற்று சூடேறி விரிகிறது. 30 டிகிரி காற்று 60 டிகிரியானால், சார்லஸ் விதிப்படி அதன் பருமன் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடும். கூடிய காற்று ரப்பர் வளையத்தின் நுண்ணிய இடுக்குகள் வழியே கசிந்து வெளியேறும். விளக்கை அணைத்ததும் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, வெளியிலிருந்து ஈரக்காற்றையும் தேங்கிய நீரையும் உள்ளே இழுக்கும். வெந்நீரில் கழுவிய சூடான தம்ளரைத் தண்ணீர்த் தட்டில் கவிழ்த்து வையுங்கள். ஆற ஆற, தட்டு நீர் தம்ளருக்குள் ஏறுவதைக் காணலாம். எங்கள் விளக்கு ஒவ்வோர் இரவும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

ஆகவே விளக்கை மாற்றுமுன் குழியைச் சரிசெய்ய வேண்டும். மண் தரையானால் அடியில் ஜல்லி நிரப்பினால் நீர் இறங்கிவிடும். எங்களுடையது சிமெண்டுத் தளமாதலால், குழியின் அடியிலிருந்து தோட்டத்துக்கு ஒரு சிறு குழாய் வைத்தார்.

வேலைக்கு முன் மெயின் சுவிட்சையே அணைத்தார். சுவரிலுள்ள சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது; அதைத் தவறான கம்பியில் இணைத்திருந்தால் அணைத்த பிறகும் விளக்கில் மின்சாரம் இருக்கும். டெஸ்டரையும் முதலில் மின்சாரமுள்ள இடத்தில் சோதித்துப் பார்த்த பிறகே நம்பினார். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு 230 வோல்ட் எமனாகும். பியூஸ் நம்மைக் காக்காது. அது உருகச் சில ஆம்பியராவது வேண்டும், உயிரைப் பறிக்கவோ அதில் மிகச் சிறு பங்கே போதும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. எங்கள் வீட்டில் இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. அதையும் பொருத்தச் செய்தோம். கம்பி வேலை உரிமம் பெற்றவருடையது. நாம் அருகிலிருந்து கேள்வி கேட்கலாம்.

புதிய விளக்கு வாங்கக் குழியின் விட்டத்தையும் ஆழத்தையும் அளந்து சென்றோம். பெட்டியில் ஐ.பி. என்று ஓர் எண் இருக்கும். 65 என்றால் தூசியும் பீய்ச்சும் நீரும் புகாது, சுவருக்குப் போதும். 67 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாங்கும். எங்கள் பழைய விளக்குகள் மூன்றும் 65! இம்முறை 67, அதுவும் 12 வோல்ட் எல்.இ.டி.; அதன் மின்மாற்றியை வீட்டினுள் உலர்ந்த இடத்தில் வைத்தோம். இணைப்பில் வெறும் டேப் சுற்றாமல், பசை நிரம்பிய மூடியைப் போட்டார். கம்பி வழியாகவும் நீர் ஊறுமாம். ரப்பர் வளையத்தில் ஒரு மணல்துகளும் இல்லாமல் துடைத்து, எதிரெதிர்த் திருகுகளாகச் சிறிது சிறிதாக முடுக்கினார்.

அடுத்த மழை விட்ட காலையில் முதல் வேலையாகக் கண்ணாடியைக் குனிந்து பார்த்தேன். உள்ளே பனிப்படலம் இல்லை. மற்ற மூன்றில் ஒன்றில் இருந்தது. அதையும் இந்த விடுமுறையில் கழற்றப் போகிறோம்.