உங்களுக்குத் தெரியுமா? சாலையின் குலுக்கலுக்கும் ஓர் எண் உண்டு

சாலை மோசம் என்பது பயணிக்குத் தெரியும். எவ்வளவு மோசம் என்பது பொறியாளருக்கு எண்ணாகத் தெரிய வேண்டும். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெரும் சாலைச் சோதனையில், ஆட்களைக் காரில் ஏற்றிச்சென்று 0 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொன்னார்கள்! குலுங்கலை அளக்கும் கருவிகளும் இருந்தன. ஆனால் டயரில் காற்று குறைந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ அளவும் மாறிவிடும்.

1982இல் உலக வங்கியின் ஆதரவில் பிரேசிலில் பல நாட்டுக் கருவிகளை ஒரே சாலைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். அதன் விளைவுதான் ஐ.ஆர்.ஐ. எனப்படும் சர்வதேசக் கரடுமுரடுக் குறியீடு.

அளக்கும் வண்டியின் குணம் கணக்கில் நுழையாததுதான் இதன் அழகு. லேசர் கருவி, வண்டியின் ஆட்டத்தைக் கழித்துவிட்டு, சாலையின் ஏற்ற இறக்கத்தை மட்டும் பதிவு செய்கிறது. பிறகு கணினிக்குள், ஒற்றைச் சக்கரம் கொண்ட கற்பனைக் கார் ஒன்று அதே பாதையில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் அதன் சஸ்பென்ஷன் மொத்தம் எத்தனை மீட்டர் அமுங்கி விரிந்தது என்பதே குறியீடு. 0 என்றால் துளி மேடுபள்ளமும் இல்லை. நல்ல புதிய நெடுஞ்சாலை 2ஐ ஒட்டி நிற்கும்; சிதைந்த மண்சாலை 10ஐத் தாண்டும்.

இந்தியாவில் 'பம்ப் இன்டகிரேட்டர்' என்ற ஒற்றைச் சக்கர இழுவண்டியும் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உண்டு. அதை மணிக்கு 32 கி.மீ. வேகத்தில் இழுத்துச்சென்று, கிலோமீட்டருக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று கணக்கிடுவார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது: அடித்தளம் வலுவிழந்திருப்பதை இந்த எண் சொல்லாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.