கழுத்தில் கோளாறா? மயக்க டாக்டரிடம் மறைக்காதீர்கள்!

ஆபரேஷன் என்றாலே எல்லோருக்கும் கத்தியை நினைத்துத்தான் பயம். ஆனால், கழுத்து எலும்பில் கோளாறு உள்ளவர்களுக்குக் கத்தி வைப்பதற்கு முந்தைய சில நிமிடங்கள்தான் பெரிய கண்டம்!

அந்த நேரத்தில் தலையைக் கொஞ்சம் அதிகமாகச் சாய்த்தால் கை, கால் விளங்காமல் போகலாம். சாய்க்காமலே இருந்தால் மூச்சுக்குழல் வாசல் கண்ணில் படாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மயக்க டாக்டர் வழி கண்டுபிடிக்க வேண்டும்.

குழாய் எதற்கு?

பெரிய ஆபரேஷன்களில் முழு மயக்கம் கொடுக்கும்போது, தசைகளைத் தளர்த்தும் மருந்தும் சேர்த்துப் போடுவார்கள். உடம்பு துணி மாதிரி துவண்டுவிடும். மூச்சும் நின்றுவிடும்!

அதனால் தொண்டை வழியாக மூச்சுக்குழலுக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செலுத்தி, மெஷின் மூலம் ஆக்ஸிஜன் கொடுக்கிறார்கள்.

சாதாரண ஆளுக்கு இது கண நேர வேலை. தலையைப் பின்னால் சாய்த்து, பல்பு வைத்த 'லாரிங்கோஸ்கோப்' கருவியால் நாக்கைத் தூக்கிப் பிடித்தால் குரல்வளை தெரியும். குழாய் உள்ளே போய்விடும். இந்தக் கருவிக்கு வளைந்த தகட்டை 1943-ல் கொண்டுவந்தவர், ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ராபர்ட் மெக்கின்டாஷ். இன்றைக்கும் உலகமெங்கும் அந்தத் தகடு புழக்கத்தில் இருக்கிறது.

தலையைச் சாய்க்கவே கூடாது என்றால் என்ன செய்வது? அங்கேதான் சிக்கல்.

7 எலும்பு

கழுத்தில் 7 எலும்புகள் வளையல் அடுக்கியதுபோல் இருக்கின்றன. அவற்றின் நடுவே தண்டுவடம் ஓடுகிறது. மூச்சு வாங்க உதவும் உதரவிதானத்துக்கு உத்தரவு போகும் நரம்பு, கழுத்தின் 3, 4, 5-வது நரம்புகளிலிருந்து கிளம்புகிறது. அதற்கு மேலே தண்டுவடம் நசுங்கினால் கை, கால் மட்டுமல்ல, மூச்சும் போய்விடும்.

ஆபத்து இரண்டு வகை. ஒன்று, கழுத்து ஆடுவது. பைக்கில் இருந்தோ மாடியில் இருந்தோ விழுந்து எலும்பு முறிந்தவர்களுக்கு இது நேரும். பல வருஷம் மூட்டு வாதத்தால் அவதிப்படுகிறவர்களுக்கும் முதல் 2 எலும்புகளின் பிடிப்பு தளர்ந்துபோவது உண்டு.

மற்றொன்று, கழுத்து அசையவே மறுப்பது. ஒருவகை வாத நோயில் முதுகெலும்பு முழுக்க ஒரே கட்டையாக இறுகிவிடும். எக்ஸ்ரேயில் மூங்கில் கழி மாதிரி தெரியும். தொட்டால் முறிகிற கழி அது!

பிடித்த கை அசையாது

விபத்தில் சிக்கியவரைக் கழுத்துப் பட்டையோடு ஆம்புலன்சில் கொண்டுவருகிறார்கள். அந்தப் பட்டை இருந்தால் வாயைச் சரியாகத் திறக்க முடியாது. அதனால் பட்டையின் முன்பக்கத்தைத் தளர்த்துவார்கள். உடனே ஒருவர் இரண்டு கைகளாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்வார். இழுக்கக்கூடாது, திருப்பக்கூடாது. குழாய் உள்ளே போகும்வரை அவர் கை நகரக்கூடாது.

அதற்கு முன் 3 நிமிடம் போல சுத்தமான ஆக்ஸிஜன் கொடுக்கிறார்கள். நுரையீரலில் சேர்ந்த இந்த இருப்புதான் மூச்சு நின்ற பிறகு சில நிமிடங்கள் தாக்குப்பிடிக்க உதவுகிறது. குண்டானவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகளுக்கு அந்த இருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இப்போது வீடியோ கருவியும் வந்துவிட்டது. கனடா நாட்டு சர்ஜன் ஜான் பேசி உருவாக்கிய கருவி 2001-ல் வெளிவந்தது. தகட்டிலேயே கேமரா இருப்பதால், தலையை அதிகம் சாய்க்காமலே குரல்வளையை டி.வி. திரையில் பார்க்கலாம்.

விழித்திருக்கும்போதே!

கழுத்து மிகவும் மோசமான நிலையில் இருந்தால், நோயாளி விழித்திருக்கும்போதே குழாயைச் செலுத்துவதும் உண்டு. கேட்கவே கதிகலங்கும். ஆனால், முதலில் மூக்கையும் தொண்டையையும் மருந்து தெளித்து மரத்துப்போகச் செய்துவிடுவார்கள். பிறகு, நூடுல்ஸ் போல வளையும் ஒளிக்குழலை மெல்ல இறக்குவார்கள். அதன் மேலேயே குழாயும் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

இதில் பெரிய லாபம், நோயாளி தன் மூச்சைத் தானே விட்டுக்கொண்டிருப்பார். "கையை அசைங்க, காலை ஆட்டுங்க" என்று சோதித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் மயக்கம் கொடுக்கலாம்.

லண்டன் டாக்டர் பீட்டர் மர்ஃபி 1967-ல் இதற்கு வழிகாட்டினார். பித்தநாளத்தைப் பார்க்க வைத்திருந்த ஒளிக்குழலை எடுத்து, மூக்கு வழியாகக் குழாய் செலுத்தப் பயன்படுத்தினார்.

எந்த வழியும் பலிக்காவிட்டால், கழுத்தின் முன்பக்கம் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்வார்கள். அது கடைசி ஆயுதம்.

"நாக்கை நீட்டுங்க!"

ஆபரேஷனுக்கு முன் மயக்க டாக்டர் வந்து "வாயைத் திறங்க, நாக்கை நீட்டுங்க" என்பார். "வயித்து ஆபரேஷனுக்கு நாக்கு எதுக்கு?" என்று சிலர் முணுமுணுப்பார்கள்.

அந்தச் சோதனை நம் பக்கத்து மாநிலத்துக்காரரின் கொடை! ஆந்திராவைச் சேர்ந்த டாக்டர் சேஷகிரி ராவ் மல்லம்பட்டி, அமெரிக்காவின் பாஸ்டனில் 210 நோயாளிகளிடம் சோதித்து 1985-ல் வெளியிட்டது அது. வாயைத் திறந்தால் உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்து, குழாய் போடுவது சுலபமா, கஷ்டமா என்று கணிக்கிறார்கள். கழுத்தைக் குனிந்து நிமிரச் சொல்வதும் இதற்காகத்தான்.

சொல்ல வேண்டியது என்ன?

ஆபரேஷன் தள்ளிப்போகுமோ என்று பயந்து சிலர் கழுத்து வலியை மறைத்துவிடுகிறார்கள். "வயசானா வர்ற வலிதானே" என்று அலட்சியமாக விடுகிறவர்களும் உண்டு. ஹெர்னியாவோ, பித்தப்பையோ, எந்த ஆபரேஷனாக இருந்தாலும் இவற்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்:

* கழுத்தைத் திருப்பினால் கை மரத்துப்போகிறதா, கரண்ட் அடித்ததுபோல் இருக்கிறதா?

* நடை தடுமாறுகிறதா? சட்டைப் பொத்தான் போடச் சிரமப்படுகிறதா?

* மூட்டு வாதமோ, முதுகு விறைக்கும் நோயோ உண்டா?

* முன்பு எப்போதாவது மயக்கம் கொடுத்தபோது குழாய் போடச் சிரமப்பட்டார்களா?

பழைய எக்ஸ்ரே, ஸ்கேன், டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போவது நல்லது.

முன்கூட்டியே தெரிந்தால் வீடியோ கருவியும், ஒளிக்குழலும், தலையைப் பிடிக்க இன்னொரு ஆளும் தயாராக இருப்பார்கள். மயக்கம் கொடுத்து மூச்சு நின்ற பிறகு தெரிந்தால், அவகாசம் சில நிமிடம்தான். "கழுத்து வலி இருக்கு டாக்டர்" என்று சொல்ல ஒரு வினாடி போதும்!