1976-ல் வந்த ஆல்பம்... 40 வருஷம் கழித்து உலகம் தேடியது ஏன்? ஜப்பானிய ஜாஸ் இசையின் கதை

யூடியூபில் ஒரு ஜாஸ் பாட்டைக் கேட்டுவிட்டு, போனை அப்படியே ஓடவிட்டவர்கள் பலருக்கும் இந்த அனுபவம் உண்டு. அடுத்தடுத்து ஏதேதோ ஓடும். கடைசியில், முன்பின் கேள்விப்படாத ஒரு பியானோ இசை வந்து நிற்கும். ஆல்பத்தின் பெயர் 'சீனரி'. வாசித்தவர் ரியோ ஃபுகுயி. வெளியான ஆண்டு 1976.

லட்சக்கணக்கான பேர் இப்படித்தான் இந்த ஆல்பத்தைக் கண்டுபிடித்தார்கள். 'யார் இவர்? இவ்வளவு நாள் எப்படித் தெரியாமல் போனது?' என்று தேடத் தொடங்கியவர்களுக்கு, அவருக்குப் பின்னால் ஒரு பெரிய புதையலே கிடைத்தது. 1970-களிலும் 80-களிலும் ஜப்பானில் பதிவான ஜாஸ், ஃபியூஷன் இசைத்தட்டுகள்தான் அந்தப் புதையல்.

ஜாஸ் பிறந்தது அமெரிக்காவில். அப்படியிருக்க ஜப்பானில் ஏன் இவ்வளவு நல்ல பதிவுகள்? இத்தனை காலம் அவை வெளியே வராதது ஏன்? பார்க்கலாம்.

யார் இந்த ரியோ ஃபுகுயி?

ஜப்பானின் வடகோடியில் இருக்கும் ஹொக்கைடோ தீவில் 1948-ல் பிறந்தவர். 18 வயதில் அவர் கையில் எடுத்தது அக்கார்டியன். பியானோ பக்கம் வந்தது 22 வயதில்தான். அதையும் தானாகவே கற்றுக்கொண்டார். அடுத்த ஆறே வருஷத்தில் 'சீனரி' வந்துவிட்டது. பியானோ, பேஸ், டிரம்ஸ் என மூன்றே பேர் வாசித்த ஆல்பம் அது.

1977-ல் 'மெல்லோ ட்ரீம்' வந்தது. அதற்கடுத்த ஆல்பம் எப்போது தெரியுமா? 1994-ல்! நடுவில் 17 வருஷம். ஆனாலும் அவர் வாசிப்பதை நிறுத்திவிடவில்லை. 1995-ல் மனைவியோடு சேர்ந்து சப்போரோ நகரத்தில் 'ஸ்லோபோட்' என்ற சின்ன ஜாஸ் கிளப்பைத் தொடங்கி, அங்கேயே வாசித்துவந்தார்.

2016 மார்ச்சில் ஃபுகுயி காலமானார். 2018-ல் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த 'வி ரிலீஸ் ஜாஸ்' நிறுவனம் 'சீனரி'யை முறைப்படி உரிமம் பெற்று மறுபடி இசைத்தட்டாக வெளியிட்டது. உலகம் வாங்கத் தயாரானபோது, வாசித்தவர் இல்லை.

ஜாஸ் சரி, ஃபியூஷன் என்றால் என்ன?

ஜாஸில் ஒரு மெட்டு இருக்கும். முதலில் எல்லோரும் அதை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக அதை அந்த இடத்திலேயே, சொந்தக் கற்பனையில் விரித்து வாசிப்பார்கள். கடைசியில் மறுபடி மெட்டுக்குத் திரும்புவார்கள். கர்நாடக இசையில் மனோதர்மம் என்பார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

ஃபியூஷன் என்பது இதே ஜாஸோடு ராக், ஃபங்க் தாளங்களும், எலெக்ட்ரிக் கிட்டார், சிந்தசைஸர் போன்ற கருவிகளும் சேர்ந்தது. 1960-களின் கடைசியில் அமெரிக்காவில் தொடங்கி, 70-களில் ஜப்பானுக்கு வந்தது.

தடை செய்யப்பட்ட 'எதிரி இசை'

1920-களிலேயே ஒசாகா, கோபே நகரங்களின் நடன அரங்குகளில் ஜாஸ் ஒலிக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் இரண்டாம் உலகப் போர் வந்ததும், இது எதிரி நாட்டு இசை என்று சொல்லி அரசு தடை போட்டது.

1945-ல் ஜப்பான் தோற்றது. அமெரிக்கப் படைகள் வந்து இறங்கின. படை முகாம்களில் இருந்த கிளப்புகளுக்கு ராத்திரி வாசிக்க ஆள் தேவைப்பட்டது. பசியும் வறுமையுமாக இருந்த காலத்தில், வாசிக்கத் தெரிந்த ஜப்பானிய இளைஞர்களுக்கு அது ஒரு பிழைப்பு. நேற்றுவரை தடை செய்யப்பட்ட இசை, இன்றைக்குச் சோறு போட்டது.

அப்படி வந்தவர்களில் ஒருவர் பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷி. மஞ்சூரியாவில் பிறந்து, போருக்குப் பிறகு ஜப்பான் திரும்பி, ஒரு நடன அரங்கில் வேலைக்குச் சேர்ந்தவர். 1953-ல் டோக்கியோ வந்திருந்த புகழ்பெற்ற பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சன் இவர் வாசிப்பதைக் கேட்டு அசந்துபோனார். அவர் செய்த சிபாரிசில் முதல் இசைத்தட்டு வந்தது. 1956-ல் அமெரிக்காவின் பெர்க்லி இசைப் பள்ளிக்குப் படிக்கப் போனார் அகியோஷி.

1961 ஜனவரியில் டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கி தன் குழுவோடு ஜப்பான் வந்தபோது, ஜாஸ் மோகம் நாடெங்கும் பற்றிக்கொண்டது. நூடுல்ஸ் டெலிவரி செய்யும் பையன்கூட அவருடைய 'மோனின்' மெட்டைச் சீட்டியடித்துக்கொண்டு போனான் என்று இன்றுவரை சொல்வார்கள்.

காபி கடைதான் பள்ளிக்கூடம்

இதில் 'ஜாஸ் கிஸ்ஸா'வைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கிஸ்ஸா என்றால் காபி கடை.

அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வரும் எல்.பி. இசைத்தட்டு சாதாரண சம்பளக்காரர்களுக்கு எட்டாத விலை. கடைக்காரர் இசைத்தட்டுகளை வாங்கி அடுக்கி வைத்திருப்பார். பெரிய ஸ்பீக்கர்கள் இருக்கும். ஒரு காபிக்குக் காசு கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்கலாம். பல கடைகளில் பேசக்கூட அனுமதி கிடையாது.

யோகோஹாமாவில் 1933-ல் தொடங்கிய 'சிகுசா' இப்படிப்பட்ட கடைதான். 1945 விமானத் தாக்குதலில் அங்கிருந்த இசைத்தட்டுகள் அழிந்துபோயின. போர் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து சேர்த்தார்கள். நோட்டுப் புத்தகமும் கையுமாக வந்து, இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டே இளம் கலைஞர்கள் பாடம் படித்தார்கள். அகியோஷி, சாக்ஸஃபோன் கலைஞர் சடாவோ வதனபே இருவருமே சிகுசாவுக்கு வந்துபோனவர்கள். எழுத்தாளர் ஹருகி முரகாமிகூட நாவலாசிரியர் ஆவதற்கு முன்பு, 1974-ல் டோக்கியோவில் 'பீட்டர் கேட்' என்ற ஜாஸ் கடையைத் தொடங்கி நடத்தியவர்தான்.

காப்பியா, சொந்த இசையா?

'ஜப்பான்காரர்கள் நன்றாக வாசிக்கிறார்கள், ஆனால் அமெரிக்காவைக் காப்பி அடிக்கிறார்கள்' என்ற விமர்சனம் ரொம்ப காலம் இருந்தது.

அதற்கு 1974-ல் ஒரு பதில் வந்தது. போர் முடிந்தது தெரியாமல் பிலிப்பைன்ஸ் காட்டில் சுமார் 30 வருஷம் ஒளிந்திருந்த ஜப்பானிய ராணுவ வீரர் ஹிரோ ஒனோடா, அந்த ஆண்டுதான் வெளியே வந்தார். அந்தச் சம்பவத்தை வைத்து அகியோஷி உருவாக்கிய இசை 'கோகுன்'. ஜப்பானின் பாரம்பரிய 'நோ' நாடகத்தில் ஒலிக்கும் 'சுசுமி' டிரம்மும் குரலும் அதில் ஜாஸ் குழுவோடு சேர்ந்து வரும். இதைக் காப்பி என்று யாரும் சொல்ல முடியவில்லை.

ஒலிப்பதிவு ஏன் இவ்வளவு துல்லியம்?

பழைய ஜப்பானிய இசைத்தட்டுகளைத் தேடி அலைபவர்கள் சொல்லும் முக்கியக் காரணம் ஒலித்தரம். இதன் பின்னணியில் ஒரு வியாபாரக் கணக்கும் இருக்கிறது. அன்றைய ஜப்பானில் பல இசைத்தட்டு நிறுவனங்கள், ஆடியோ கருவி தயாரிப்பாளர்களோடு நேரடித் தொடர்பு உள்ளவை. 'சீனரி'யை வெளியிட்ட ட்ரையோ, பிறகு கென்வுட் என்று பெயர் மாறிய அதே கம்பெனிதான். நிப்பான் கொலம்பியாவின் ஆடியோ பிராண்ட் டெனான். சோனியும் விக்டரும்கூட இரண்டு தொழிலிலும் இருந்தன. நல்ல ஸ்பீக்கரை விற்க வேண்டுமென்றால், அதில் போட்டுக் காட்ட நல்ல இசைத்தட்டு வேண்டுமே!

டிஜிட்டல் பதிவிலும் ஜப்பான்தான் முந்தியது. என்.எச்.கே. ஒலிபரப்பு நிறுவனம் உருவாக்கிய சோதனைக் கருவியில் பதிவு செய்து, 1971-லேயே டிஜிட்டல் முறையில் பதிவான இசைத்தட்டு விற்பனைக்கு வந்துவிட்டது. அமெரிக்க சாக்ஸஃபோன் கலைஞர் ஸ்டீவ் மார்கஸும் ஜப்பானின் ஜிரோ இனாகாகி குழுவும் சேர்ந்து வாசித்த 'சம்திங்' அது.

இன்னொரு முறை 'டைரக்ட் டு டிஸ்க்'. வழக்கமாக இசையை முதலில் டேப்பில் பதிவு செய்வார்கள். அதை வெட்டி ஒட்டித் திருத்திய பிறகுதான் தட்டுக்கு மாற்றுவார்கள். இந்த முறையில் டேப்பே கிடையாது. வாசிக்க வாசிக்க நேரடியாகத் தட்டில் செதுக்கப்படும். ஒரு பக்கம் முடியும்வரை நிறுத்த முடியாது. ஒரு இடத்தில் தப்பினால் மொத்தப் பக்கமும் மறுபடி முதலிலிருந்து. அமெரிக்கப் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக் 1978-ல் டோக்கியோவில் 'தி பியானோ' ஆல்பத்தை இப்படித்தான் பதிவு செய்தார்.

பெரிய நிறுவனங்கள் மட்டுமல்ல. 1970-ல் தொடங்கிய 'த்ரீ பிளைண்ட் மைஸ்' என்ற சின்ன நிறுவனம், உள்ளூர் இளம் கலைஞர்களை நம்பியே ஆல்பம் போட்டது. சுயோஷி யமமோட்டோவின் 'மிட்நைட் சுகர்' (1974) இன்றும் ஆடியோ பிரியர்கள் தங்கள் ஸ்பீக்கரைச் சோதிக்கப் போட்டுப் பார்க்கும் ஆல்பம்.

ஃபியூஷன் அலை

70-களின் கடைசியில் காற்று மாறியது. 1978-ல் சடாவோ வதனபேயின் 'கலிஃபோர்னியா ஷவர்' பெரிய ஹிட். கிஸ்ஸாவின் இருட்டு மூலையில் கேட்டுக்கொண்டிருந்த ஜாஸ், வெயிலடிக்கும் கடற்கரைக்கு வந்தது மாதிரியான இசை.

அதே காலத்தில் 'தி ஸ்கொயர்' (பின்னாளில் டி-ஸ்கொயர்), 'காசியோபியா' குழுக்கள் வந்தன. யமஹா நடத்திய இசைப் போட்டியில் கவனம் பெற்ற காசியோபியா, 1979-ல் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. டி-ஸ்கொயரின் 'ட்ரூத்', 1987-லிருந்து ஃபியூஜி டிவியின் ஃபார்முலா 1 கார் பந்தய ஒளிபரப்புக்குத் தீம் மியூசிக் ஆனது. அந்தக் கால ஜப்பானிய வீடியோ கேம்களின் இசையிலும் இந்த ஃபியூஷனின் சாயல் நிறையவே உண்டு. அதனால்தான் இதை முதல்முறை கேட்பவர்களுக்கும் 'எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே' என்று தோன்றுகிறது.

பிறகு ஏன் உலகத்துக்குத் தெரியவில்லை?

* ஜப்பான் உள்நாட்டுச் சந்தையே மிகப் பெரியது. வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் பிழைக்க வேண்டும் என்ற தேவை நிறுவனங்களுக்கு இல்லை.

* பல ஆல்பங்கள் குறைந்த எண்ணிக்கையிலேயே அச்சானவை. உதாரணம், டோரு ஐசாவா குழுவின் 'தச்சிபானா' (1975). ஒரு ஹோட்டல் அதிபர் விசிட்டிங் கார்டு மாதிரி தெரிந்தவர்களுக்குக் கொடுப்பதற்காகவே சொந்தச் செலவில் போட்ட இசைத்தட்டு அது.

* 80-களில் சி.டி. வந்தபோது, எல்லாப் பழைய இசைத்தட்டுகளும் அதற்கு மாற்றப்படவில்லை. விற்காது என்று நினைத்தவை அப்படியே கிடந்தன.

* மேற்கத்திய இசை ஆர்வலர்கள் பலர் 'ஜப்பானிய ஜாஸ்தானே' என்று கேட்டுப் பார்க்கவே இல்லை.

எப்படித் திரும்பி வந்தது?

முதலில் தேடியவர்கள் டிஜேக்களும் ஹிப்ஹாப் தயாரிப்பாளர்களும். புதுப் பாட்டில் சேர்க்கப் பழைய இசைத் துண்டுகளைத் தேடி, டோக்கியோவின் பழைய இசைத்தட்டுக் கடைகளை அலசினார்கள். ஹிரோஷி சுசுகியின் 'கேட்' (1976) போன்ற ஆல்பங்கள் அப்படித்தான் பெயர் வாங்கின. பிறகு சேகரிப்பாளர்கள் தங்களிடம் இருந்ததை யூடியூபில் ஏற்ற, அல்காரிதம் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

அதன் பின்னால் மறுவெளியீட்டு நிறுவனங்கள் வந்தன. 2018-ல் லண்டனின் பி.பி.இ. நிறுவனம் 1969 முதல் 1984 வரையிலான ஜப்பானிய ஜாஸைத் தொகுத்து 'ஜே ஜாஸ்' என்ற வரிசையைத் தொடங்கியது. 'தச்சிபானா'வும் அதே நிறுவனத்தால் மறுபடி வெளிவந்தது.

காசு யாருக்குப் போகிறது?

சங்கடமான கேள்வி இதுதான். யாரோ ஒருவர் தன்னிடம் இருக்கும் பழைய இசைத்தட்டை யூடியூபில் ஏற்றினால், வாசித்தவருக்குத் தானாகப் பணம் போய்விடாது. உரிமை வைத்திருக்கும் நிறுவனம் 'இது எங்களுடையது' என்று பதிவு செய்தால்தான் விளம்பர வருமானம் அதன் பக்கம் திரும்பும். அதிலிருந்து கலைஞருக்கு எவ்வளவு என்பது, பல வருஷங்களுக்கு முன் போட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பழைய இசைத்தட்டு ஒன்று கைமாறிக் கைமாறி எவ்வளவு விலைக்குப் போனாலும், அதிலும் கலைஞருக்குப் பங்கு இல்லை.

முறையான மறுவெளியீட்டில் உரிமதாரருக்குப் பணம் போகிறது. வாசித்தவர்களின் பெயர் தெளிவாக அச்சாகிறது. மூல டேப் இருந்தால் அதைத் தேடி எடுத்துப் பாதுகாக்கவும் ஒரு காரணம் கிடைக்கிறது. பிடித்துப்போனவர்கள் அதிகாரப்பூர்வ சேனலில் கேட்பதும், மறுவெளியீட்டை வாங்குவதும் இதனால்தான் முக்கியம்.

கேட்கத் தொடங்க 5 ஆல்பங்கள்

1. ரியோ ஃபுகுயி - சீனரி (1976): ஜாஸ் பழக்கமே இல்லாதவர்களுக்கும் பிடிக்கும்.

2. சுயோஷி யமமோட்டோ ட்ரையோ - மிட்நைட் சுகர் (1974): ராத்திரி, ஹெட்போனில்.

3. தோஷிகோ அகியோஷி, லூ டபக்கின் பிக் பேண்ட் - கோகுன் (1974): ஜப்பானின் சொந்தக் குரல்.

4. ஹிரோஷி சுசுகி - கேட் (1976): டிராம்போன் கருவியின் மென்மைக்காக.

5. காசியோபியா - மின்ட் ஜாம்ஸ் (1982): ஃபியூஷன் என்றால் என்ன என்பதற்கு நேரடி விடை. மேடையில் வாசித்ததன் பதிவு.

உலகம் இவற்றைக் 'கண்டுபிடித்தது' என்று சொல்கிறோம். ஆனால் சப்போரோவின் சின்னக் கிளப்பில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இது எப்போதும் தொலைந்துபோன இசை இல்லை. ஃபுகுயி இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 2015-ல், ஒரு ஆல்பம் வெளியிட்டார். அதன் பெயரை அப்படியே தமிழில் சொன்னால், 'ஸ்லோபோட்டிலிருந்து ஒரு கடிதம்'. 'சீனரி'யைக் கேட்டு முடித்தவர்கள் அடுத்து அதையும் தேடிக் கேட்கலாம்.