உரிமை உண்டு, சான்று எங்கே?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

உரிமை என்பது ஒன்று; அவ்வுரிமைக்குரிய சான்று என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றே என நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் உரிமை உள்ளவரிடம் சான்று இல்லாமற் போவது உலகில் அன்றாடம் நிகழ்வதே. "எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" என்று நம் முன்னோர் கேட்டது கடன் கொடுத்தவனை நோக்கி மட்டுமன்று. ஒரு நாட்டில் ஐம்பது ஆண்டுகள் உழைத்து வாழ்ந்தவர்களையும் இக்கேள்வி வழிமறித்திருக்கிறது. இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு பிரிட்டன். அங்கே நெடுங்காலமாக நிரந்தரமாய்க் குடியிருப்பவர் குடியுரிமை கோரும்போது, தம் குடியிருப்பை எவ்வாறு மெய்ப்பிக்க வேண்டும், அதில் உள்ள இடர்ப்பாடு யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடியிருப்புரிமையும் குடியுரிமையும்

முதலில் இவ்விரண்டின் வேறுபாட்டை அறிந்துகொள்வோம். வெளிநாட்டிலிருந்து சென்ற ஒருவர் பிரிட்டனில் கால எல்லை ஏதுமின்றித் தங்கவும் தொழில் செய்யவும் அளிக்கப்படுவது காலவரையற்ற தங்கல் அனுமதி. இதையே பேச்சு வழக்கில் நிரந்தரக் குடியிருப்புரிமை என்கின்றனர். இதைப் பெற்றவர் அந்நாட்டில் வாழலாம். ஆனால் அந்நாட்டுக் குடிமகன் ஆகிவிடுவதில்லை. அந்நாட்டுப் பாஸ்போர்ட்டு அவருக்குக் கிடையாது. நெடுநாள் வெளிநாட்டில் தங்கிவிட்டால் இவ்வுரிமையை இழக்கவும் நேரும்.

குடியுரிமை இதற்கு அடுத்த படி. 1981-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தேசிய இனச் சட்டம் இதற்கான நிபந்தனைகளை வகுத்துள்ளது. இச்சட்டம் 1983 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பொதுவான விண்ணப்பதாரர் 18 வயது நிரம்பியவராய் இருத்தல் வேண்டும். விண்ணப்ப நாளுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகள் பிரிட்டனில் வாழ்ந்திருக்க வேண்டும். அந்த ஐந்தாண்டுகளில் வெளிநாட்டில் கழித்த நாட்கள் 450-ஐத் தாண்டலாகாது. கடைசிப் பன்னிரண்டு மாதங்களில் 90-ஐத் தாண்டலாகாது. அக்கடைசிப் பன்னிரண்டு மாதங்களும் அவரது தங்கலுக்குக் கால எல்லை எதுவும் இருந்திருக்கக் கூடாது. அதாவது நிரந்தரக் குடியிருப்புரிமை பெற்று ஓராண்டேனும் ஆகியிருக்க வேண்டும். பிரிட்டிஷ் குடிமக்களை மணந்தோர்க்கு ஐந்தாண்டு என்பது மூன்றாண்டாகக் குறைகிறது. 450 நாட்கள் என்பது 270 நாட்களாகிறது. ஓராண்டுக் காத்திருப்பும் இல்லை. இவற்றோடு நன்னடத்தை, ஆங்கில அறிவு, அந்நாட்டு வாழ்க்கை பற்றிய 24 வினாக்கள் கொண்ட தேர்வு ஆகியவையும் உண்டு.

சான்றின் இரண்டு பாதிகள்

சென்ற ஆண்டு நிரந்தர உரிமை பெற்றவருக்கு மெய்ப்பிப்பது எளிது. ஆவணம் கையில் புதிதாக இருக்கும். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் பெற்றவர் நிலை என்ன? நியாயமாகப் பார்த்தால் நெடுநாள் வாழ்ந்தவருக்கே எளிதாக இருத்தல் வேண்டும். நடப்பது நேர்மாறு! காரணம், அவர் மெய்ப்பிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இவ்வுரிமை தமக்கு ஒரு நாள் வழங்கப்பட்டது என்பது. மற்றொன்று, அந்நாளுக்குப் பின் அதை இழக்கவில்லை என்பது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் தங்கிவிட்டால் காலவரையற்ற அனுமதி பொதுவாக அற்றுப்போகும் என்பது விதி.

வேதியியல் மாணவர்கள் இதை எளிதில் உணர்வர். ஒரு கரைசலில் குளோரைடு உண்டு என்று காட்டச் சில துளி சில்வர் நைட்ரேட் போதும். வெண்ணிற வீழ்படிவு விழுந்துவிடும். ஆனால் அக்கரைசலில் எந்த உலோகமும் இல்லை என்று காட்டுவதாயின் தொகுதி தொகுதியாகச் சோதித்துக்கொண்டே போக வேண்டும். 'உண்டு' என்பதற்கு ஒரு சோதனை. 'இல்லை' என்பதற்குப் பல சோதனை. அது போலவே, உரிமை பெற்றதற்குப் பழைய பாஸ்போர்ட்டில் உள்ள ஒரு முத்திரை போதும். நீண்ட காலம் நாட்டை விட்டு நீங்கவில்லை என்பதற்கோ ஆண்டு தோறும் ஏதேனும் ஒரு தாள் தேவைப்படுகிறது.

முத்திரையே இல்லாத உரிமை

முத்திரை உள்ளவர் பாடே இவ்வாறெனில், முத்திரையே குத்தப்படாதவர் பாடு என்ன? அத்தகையோர் ஒருவர் இருவரல்லர். 1948-ஆம் ஆண்டுச் சட்டம், பிரிட்டனிலும் அதன் குடியேற்ற நாடுகளிலும் வாழ்ந்த மக்களை ஒரே குடியுரிமையின் கீழ்க் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஜூன் 22 அன்று, 'எம்பயர் வின்ட்ரஷ்' என்னும் கப்பல் கரீபியத் தீவுகளிலிருந்து வந்த மக்களை டில்பரித் துறைமுகத்தில் இறக்கியது. போரால் நலிந்த பிரிட்டனுக்கு உழைக்கும் கைகள் தேவைப்பட்ட காலம் அது. தொடர்ந்து பல்லாயிரவர் வந்தனர். இந்தியர்களும் இலங்கையரும் கூடக் காமன்வெல்த் நாட்டினர் என்ற முறையில் அக்காலத்தில் அங்குச் சென்று குடியேறினர்.

1962-இலும் 1968-இலும் கட்டுப்பாடுகள் வந்தன. பின்னர் 1971-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் 1973 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றைய நாளில் பிரிட்டனில் நிலையாகக் குடியிருந்த காமன்வெல்த் நாட்டினர்க்குச் சட்டமே காலவரையற்ற அனுமதியை அளித்தது. விண்ணப்பம் இல்லை, முத்திரை இல்லை, கடிதமும் இல்லை. பெற்றோரின் பாஸ்போர்ட்டில் ஒரு பெயராக வந்த குழந்தைகளுக்குத் தமக்கென ஒரு பாஸ்போர்ட்டு கூட இல்லை. குடிமக்களாகப் பதிந்துகொள்ள அவர்களில் பலருக்கு 1987 டிசம்பர் 31 வரை வாய்ப்பு இருந்தது. 'நாம்தான் இந்நாட்டவராயிற்றே!' என்ற நம்பிக்கையில் பலர் பதியவில்லை. அவர்கள் பள்ளியில் படித்தனர், வேலை பார்த்தனர், வரி கட்டினர், பேரன் பேத்தியும் எடுத்தனர்.

2012-இல் உள்துறை அமைச்சராயிருந்த தெரசா மே, உரிமையின்றித் தங்கியிருப்போர்க்குப் 'பகைச் சூழல்' உண்டாக்கப்போவதாக அறிவித்தார். 2014, 2016 ஆண்டுகளின் சட்டங்கள் அதற்கு வடிவம் தந்தன. வீட்டுக்காரர், முதலாளி, வங்கி, மருத்துவமனை என யாவரும் ஆவணம் கேட்கலாயினர். சட்டம் உரிமையற்றவரைத் தேடிற்று. அகப்பட்டோரில் உரிமையுள்ள பலர் இருந்தனர். அவர்களிடம் இல்லாதது தாள் மட்டுமே.

வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் அரசாங்க ஆவணமேனும் வேண்டும் என்று அதிகாரிகள் கேட்டனர். ஆனால் அம்மக்கள் கரையிறங்கிய காலத்து வருகைச் சீட்டுகளை உள்துறையே 2010-இல் அழித்துவிட்டிருந்தது! தாம் குடிமகன் என்று கூறுபவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. ஆக, மெய்ப்பிக்கும் பொறுப்பு எளியவர் தோளில். மெய்ப்பிக்க உதவும் தாளோ அரசின் குப்பையில்.

பாலெட் வில்சன் கதை

பாலெட் வில்சன் என்னும் அம்மையார் 1968-இல் சிறுமியாக ஜமைக்காவிலிருந்து வந்தவர். ஒரு காலத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் உணவகத்திலேயே சமையல் வேலை செய்தவர். 34 ஆண்டுகள் தேசியக் காப்பீட்டுச் சந்தா செலுத்தியவர். அவருக்குத்தான், 'நீ சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவள்' என்று உள்துறைக் கடிதம் வந்தது. 2017 அக்டோபரில் அவரைக் காவல் முகாமில் அடைத்தனர். ஜமைக்காவுக்கு அனுப்ப விமான நிலையம் வரை கொண்டுசென்றனர். தொகுதி உறுப்பினரும் ஓர் அறநிறுவனமும் குறுக்கிட்டதால் தப்பினார். 34 ஆண்டுச் சந்தாக் கணக்கு எங்கே இருந்தது? அரசாங்கத்தின் மற்றொரு துறையில்! ஒரு துறையின் பேரேட்டில் இருக்கும் சான்றை, மற்றொரு துறை அந்த அம்மையாரின் கைப்பையில் தேடிற்று. 2020-இல் அவர் காலமானார்.

இத்தகைய செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்து 2018-இல் நாடே கொதித்தது. ஏப்ரலில் அப்போது பிரதமராயிருந்த தெரசா மே மன்னிப்புக் கேட்டார். உள்துறை அமைச்சர் அம்பர் ரட் பதவி விலகினார். மே மாதம் 'வின்ட்ரஷ் திட்டம்' தொடங்கிற்று. அதன்வழி 16,000-க்கும் மேற்பட்டோர் குடியுரிமையையோ, தம் நிலையை உறுதிசெய்யும் ஆவணத்தையோ பெற்றுள்ளனர். சட்டத்தின் விதி பெரிதாக மாறிவிடவில்லை. சான்றை நோக்கும் பார்வைதான் மாறிற்று. அதிகாரிகளே வரித்துறை முதலிய பிற துறைகளின் ஏடுகளைப் பார்த்தனர். 'அறவே ஐயமற' என்று கேளாமல், 'இல்லை என்பதைவிட உண்டு என்பதற்கே வாய்ப்பு மிகுதி' என்றால் போதும் என்ற அளவுகோலைக் கொண்டனர். 2020 மார்ச்சில் வெண்டி வில்லியம்ஸ் அளித்த விசாரணை அறிக்கை, 30 பரிந்துரைகளைக் கூறியது.

எவை சான்றாகும்?

நெடுநாள் குடியிருப்பாளர் தேட வேண்டியவை எவை? முதலாவது, அனுமதி முத்திரை உள்ள பாஸ்போர்ட்டு. காலாவதியானது என்று அதை எறிந்துவிடக் கூடாது. பாஸ்போர்ட்டு காலாவதியாகலாம், அதில் உள்ள காலவரையற்ற அனுமதி அதனால் காலாவதியாவதில்லை. இரண்டாவது, அனுமதி அளித்தபோது உள்துறை எழுதிய கடிதம். இவ்விரண்டும் தொலைந்துபோயின் மூன்றாவது வழி உண்டு. தம்மைப் பற்றி உள்துறை வைத்திருக்கும் கோப்பின் படியைத் தரும்படி, தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் எவரும் கேட்கலாம்.

தொடர்ந்து வாழ்ந்தமைக்குத் தேசியக் காப்பீட்டுக் கணக்கு, வரிச் சீட்டுகள், பள்ளிப் பதிவேடு, மருத்துவர் பதிவு, வீட்டு வாடகை ரசீது, முதலாளி தந்த கடிதம் ஆகியவை உதவும். கப்பலில் வந்த முதியோர்க்கு இன்னொன்றும் உண்டு. வருகைச் சீட்டுகள் அழிந்தாலும், 1960 வரை பிரிட்டனுக்கு வந்த கப்பல்களின் பயணிகள் பட்டியல்கள் இலண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

இன்று நிலைமை மேலும் மாறியுள்ளது. முத்திரைக்குப் பதிலாக 2008 முதல் கைரேகைப் பதிவோடு கூடிய குடியிருப்பு அட்டை வந்தது. அவ்வட்டைகளில் மிகப் பலவற்றின் காலம் 2024 டிசம்பர் 31-உடன் முடிந்தது. இப்போது அனுமதி யாவும் அரசின் கணினிப் பதிவாகிவிட்டன. பழைய முத்திரை மட்டும் உள்ளவர்கள் அதற்கென விண்ணப்பித்துக் கணினிப் பதிவு பெறலாம். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து அடைக்கலம் புகுந்து, பிறகு நிரந்தர உரிமை பெற்ற தமிழர்களுக்கும் இது பொருந்தும். தாளைத் தொலைப்பவர் குடிமகன். கணினிப் பதிவு பிழைபட்டால் அதைத் திருத்தும் திறவுகோல் அரசிடமே உள்ளது. ஆகவே, ஒவ்வொருவரும் தம் பதிவைத் திறந்து, பெயரும் விவரமும் சரியாக உள்ளனவா எனப் பார்த்துக்கொள்வது நன்று.

நமக்கு இதில் என்ன?

'கடல் கடந்த நாட்டின் சட்டம் நமக்கெதற்கு?' என்று நண்பர்கள் கேட்கலாம். செய்முறை வகுப்பில் உப்புப் பகுப்பாய்வைச் சரியாகச் செய்து முடிக்கிறோம். ரெக்கார்டு நோட்டில் பேராசிரியரின் கையொப்பம் இல்லையேல் தேர்வன்று அச்சோதனை செய்யப்படாததே. அதில் நியாயம் உண்டு. கையொப்பம் பெறும் வாய்ப்பு நமக்குத் தரப்பட்டது. ஆனால் கையொப்பமிடும் வழக்கமே இல்லாத ஆண்டில் செய்த சோதனைக்கு, ஐம்பது ஆண்டு கழித்துக் கையொப்பம் கேட்டால்? வின்ட்ரஷ் மக்களுக்கு நேர்ந்தது அதுவே.

இந்த அநீதி ஏழைகளையே முதலில் தாக்கும். செல்வர் வீட்டில் தாள்களைக் காக்க அலமாரியும் எடுத்துக்கொடுக்கக் கணக்கரும் இருப்பர். எங்கள் வீட்டில் இருப்பது ஒரு தகரப் பெட்டி. என் தாயாருக்குத் தம் பிறந்த நாள் தெரியாது. ரேஷன் கார்டில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் வேறொரு வயது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் எனக்காகச் சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று என ஒவ்வொன்றுக்கும் அப்பெட்டியைக் கவிழ்த்தோம். அவர் இவ்வூரில் பிறந்து, இவ்வூர் வயல்களில் நாற்று நட்டவர் என்பதை ஊரே அறியும். ஆனால் ஊர் அறிவது வேறு, ஏடு அறிவது வேறு அன்றோ!

எனவே நண்பர்களே, நாம் செய்யக்கூடியவை இரண்டு. நம் வீட்டுத் தாள்களைப் பேணிக் காப்போம்; படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கும் அவற்றின் பயனை எடுத்துச் சொல்வோம். இது இன்றைக்கு. நாளை நம்மில் பலர் தேர்வெழுதி அரசு அலுவலகங்களில் பணியேற்போம். அப்போது ஒரு முதியவர் கைநடுங்க நம்முன் வந்து, 'தாள் இல்லை ஐயா, ஆனால் நான் இங்கேதான் இருந்தேன்' என்பார். 'தாள் கொண்டு வா' என்று திருப்பி அனுப்புவது எளிது. நம் அலுவலகத்துப் பேரேட்டை நாமே ஒருமுறை புரட்டிப் பார்ப்பது சற்றுக் கடினம். அந்தக் கடினமான வேலையைச் செய்யவே நாம் படிக்கிறோம்.