சிக்னல் எட்டாத ஊருக்கும் பாடம் எட்ட வேண்டும்

காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. மேட்டில் நின்றால் பேசும் செல்போன், பள்ளத்தில் இறங்கினால் பேசாது. இங்கு வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். அவர்களின் பிள்ளைகள் பலர் படிப்பது அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில். சமவெளியில் தலித் பிள்ளைகள் படிக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் போலவே, இவையும் நலத்துறையின் பள்ளிகள்தான். அதனால் 'கணினி வழிக் கல்வி யாருக்கு?' என்ற கேள்வி இரு தரப்புக்கும் பொதுவானது.

கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. விடுதிப் பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். பாடம் செல்போனுக்குப் போனது. அதற்குச் சற்று முன் 2017-18-ல் மத்திய அரசு எடுத்த கணக்கின்படி, நாட்டின் கிராமப்புற வீடுகளில் இணைய வசதி இருந்தவை 100-க்கு 15 கூட இல்லை. வீட்டில் ஒரே ஒரு போன். அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டால் பிள்ளைக்கு அன்று பள்ளிக்கூடமே இல்லை. 2021-ல் நாமக்கல் மாவட்ட மலையடிவாரக் கிராமம் ஒன்றில், சிக்னலுக்காக மாணவர்கள் ஆலமரத்தில் ஏறி அமர்ந்து பாடம் கேட்டார்கள். படிப்பின் மீது அவர்களுக்கு இருந்த ஆசைக்கு அந்த மரமே சாட்சி. குறை அவர்களிடம் இல்லை.

இணையப் பயன்பாடு கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் கோபுரம் வரும்வரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதில்லை. 2018-ல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு இருக்கிறது. அதை 'தீக்‌ஷா' செயலியில் காட்டினால் பாடத்துக்கான வீடியோ வரும். சிக்னல் உள்ள இடத்தில் ஒருமுறை பதிவிறக்கம் செய்துகொண்டால், பிறகு இணையம் இல்லாமலே எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆசிரியர் வாரம் ஒருமுறை செம்மேட்டில் இறக்கி வந்தால், வகுப்பே பார்க்கலாம். மாலையில் விடுதியிலும் போட்டுக் காட்டலாம்.

கருவி மட்டும் போதாது. 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில், தன்னார்வலர்கள் வீட்டுப் பக்கமே வந்து சொல்லிக்கொடுத்தார்கள். திரையில் ஓடுவதை நிறுத்தி, 'புரிந்ததா?' என்று கேட்க ஒருவர் வேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியதும் உண்டு. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் பெண்கள். 'பள்ளிக்கு வந்த கணினி ஓடுகிறதா, பெட்டியில் இருக்கிறதா? பாடங்களை இறக்கி வைத்திருக்கிறார்களா?' என்று அங்கே கேளுங்கள். கைநாட்டு வைக்கும் அம்மாவுக்கும் இதைக் கேட்க உரிமை உண்டு.