பிடுங்கப் பிடுங்கப் பெருகும் கடல் சாமந்தி

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களிடம் ஐப்டேசியா என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். உயிருள்ள பாறைத் துண்டோடு ஒளிந்து வரும் சிறிய கடல் சாமந்தி இது. உடல் வெளிர்ப் பழுப்பு, ஒளி ஊடுருவும் மெல்லிய தண்டு, உச்சியில் நீண்ட கொடுக்கிழைகள். முதலில் பார்க்கிறவர்கள் அழகாக இருக்கிறதே என்று விட்டுவைப்பார்கள். சில மாதங்களில் பாறை முழுக்க அதுவாகவே இருக்கும்.

அப்போது கை தானாக இடுக்கியைத் தேடும். தயவுசெய்து பிடுங்காதீர்கள். தொட்டதுமே அது பாறைப் பொந்துக்குள் சுருங்கிக்கொள்ளும்; இழுத்தால் அடித்தட்டின் துணுக்குகள் பாறையிலேயே தங்கிவிடும். வாயோ கொடுக்கிழையோ இல்லாத அந்தத் துணுக்கு ஒவ்வொன்றும் தனி உயிராக வளர்ந்துவிடும். பிடுங்க ஆள் இல்லாவிட்டாலும் ஐப்டேசியா இதைத் தானே செய்கிறது: பாறைமேல் மெல்ல நகரும்போது அடித்தட்டின் ஓரத்திலிருந்து துணுக்குகளை விட்டுச் செல்லும். தொல்லை கொடுத்தாலோ, உடம்பிலிருந்து வெள்ளை நூல்களை வெளியே வீசும். அவை முழுக்கக் கொட்டும் செல்கள். பக்கத்தில் இருக்கும் பவளத்தின் சதை வெந்துபோகும்.

இதன் திசுக்களுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தைக் கொண்டு அவை சமைப்பதில் ஒரு பங்கு வீட்டுக்காரருக்கு. பவளமும் இதே கூட்டாளியை நம்பித்தான் வாழ்கிறது. கடல் சூடேறிப் பாசி வெளியேறினால் பவளம் வெளுத்துப் பட்டினியில் சாகும். மன்னார் வளைகுடாவில் 2016-இல் அதைக் கண்கூடாகப் பார்த்தோம். ஐப்டேசியா அப்படியில்லை. பாசியை முழுக்க இழந்தாலும் இரை கிடைத்தால் இருட்டில்கூட உயிரோடு இருக்கும், பிறகு பாசியை மறுபடி ஏற்றுக்கொள்ளும். பவளம் வெளுப்பது ஏன் என்று ஆராய்கிறவர்களுக்கு இதைவிட வசதியான உயிர் ஏது? 2015-இல் இதன் மரபணுத் தொகுதியையே படித்து வெளியிட்டுவிட்டார்கள். தொட்டிக்காரரைத் தூங்கவிடாத அதே பிடிவாதம் ஆய்வுக்கூடத்தில் பெரிய வரம்.

தொட்டியில் இது வெடித்துப் பெருகினால் முதலில் பார்க்க வேண்டியது தீனி போடும் கையை. மீன் தின்றது போக மிஞ்சுவதெல்லாம் ஐப்டேசியாவுக்குத்தான். தீனியைக் குறைக்காமல் மருந்து தேடுவது வீண் வேலை என்பது என் உறுதியான கருத்து.

நாலைந்து மட்டும் இருந்தால் சுண்ணாம்பு போதும். வெற்றிலைக்கு விற்பது வேண்டாம், அதில் என்னென்ன சேர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. தூய கால்சியம் ஹைட்ராக்சைடை வாங்கித் துளி நீரில் தோசை மாவுப் பதத்துக்குக் குழைத்து ஊசிக்குழலில் ஏற்றுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பம்புகளை நிறுத்திவிட்டு, குழல் முனையை மெதுவாக, நிழல்கூட அதிராமல், கொடுக்கிழைகளின் நடுவே கொண்டுபோக வேண்டும். இரை வந்தது என்று நினைத்து வாயைத் திறக்கும். அந்த நொடியில் அழுத்துங்கள். வெள்ளைக் களிம்பைக் கவ்வியபடியே உள்ளே மடங்கும். சுருங்கிய பிறகும் பொந்தின் வாயை மூடும்படி இன்னும் கொஞ்சம் வையுங்கள். அரை மணி நேரம் பொறுத்துப் பம்பை ஓட விடலாம். ஒரே நாளில் இருபது முப்பதைக் கொல்லப் பார்த்தால் நீரின் காரத்தன்மை ஏறி மீன்கள் தவிக்கும்.

பாறையை வெளியே எடுத்துக் கொதிக்க வைக்கலாமே என்பார்கள். வேண்டவே வேண்டாம். அதே பாறையில் ஒட்டியிருக்கும் சோவாந்தஸ் வகை உயிர்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு; ஆவியை மூச்சில் இழுத்தாலே ஆபத்து. 2018-இல் இங்கிலாந்தின் ஸ்டீவன்டன் கிராமத்தில் வீட்டுத் தொட்டியின் பவளத்தைக் கையாண்டதில் ஒரு குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போனது.

நூற்றுக்கணக்கில் பரவிவிட்டால் தின்பவர்களை விடுவதுதான் வழி. பெப்பர்மிண்ட் இறால் சிறியவற்றைத் தின்னும், ஆனால் எல்லா இறாலும் தின்னாது. அதைக் கேட்டால் சில கடைகளில் பார்வைக்குக் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும் ஒட்டக இறாலைக் கொடுத்துவிடுவார்கள். சிவப்புக் கோடுகளுக்கிடையே வெள்ளைக் கோடும் புள்ளியும் தெரிந்தால் வாங்காதீர்கள், அது பவளத்தையே கொறிக்கும். காப்பர்பேண்ட் பட்டாம்பூச்சி மீனும் ஐப்டேசியா தின்னும். ஆனால் தொட்டிக்கு வந்தபின் இரை எடுக்காமல் செத்துப்போகும் மீன்களில் அதுவும் ஒன்று. களை எடுப்பதற்காக ஒரு மீனைச் சாகக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

என் தேர்வு பெர்ஜியா. ஓடில்லாத, இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளக் கடல் நத்தை. ஃபுளோரிடா கீஸ் தீவுகளில் கிடைத்த இந்த இனத்துக்கு 2005-இல்தான் முறையாகப் பெயரிட்டார்கள். ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தொடாது. விளக்கணைந்த பிறகு ஊர்ந்து வந்து தின்னும். இரையின் கொட்டும் செல்களை வெடிக்காமலே விழுங்கி, தன் முதுகுக் குச்சங்களின் நுனியில் சேமித்துத் தனக்கே ஆயுதமாக்கிக்கொள்ளும். பம்பின் வாயைப் பஞ்சால் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் உறிஞ்சிக் கொன்றுவிடும். சில வகை ராஸ் மீன்களும் இதைத் தின்றுவிடும். பலன் தெரிய மாதங்கள் ஆகலாம். அதற்குள் கண்ணாடியில் வெள்ளைச் சுருளாக முட்டைகள் தெரிந்தால் எல்லாம் நல்லபடி நடக்கிறது என்று அர்த்தம்.

கடைசி ஐப்டேசியா தீர்ந்ததும் பெர்ஜியாவுக்குத் தின்ன எதுவும் இருக்காது. அதற்கு முன்பே, எண்ணிக்கை குறையத் தொடங்கும்போதே, இரவில் டார்ச் அடித்து அவற்றைப் பொறுக்கி, இதே தொல்லையில் இருக்கும் இன்னொருவர் தொட்டிக்குக் கொடுத்துவிடுங்கள்.